சப்நெட் மாஸ்க் கேட்கும் ஒரே கேள்வி

நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. "ஸ்லாஷ் 27-இல் எத்தனை ஹோஸ்ட்?" எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் மூச்சு விடுவதற்குள் "முப்பது சார்" என்பான். சரியான விடை. அடுத்து, "ஒரு கம்ப்யூட்டரில் ஐபி சரி, கேட்வே சரி, மாஸ்க் மட்டும் தப்பு. என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர் "நெட்வொர்க் வேலை செய்யாது" என்பார்கள். அது தப்பான விடை. பெரும்பாலும் வேலை செய்யும். தொல்லையே அதுதான்.

சப்நெட்டிங் என்றால் நம்மூர் கோச்சிங் சென்டர்களில் அது ஒரு கணக்குப் பாடம். 2-இன் அடுக்குகளை ஒப்பித்து, மாஸ்க் அட்டவணையை உருப்போட்டு, பரீட்சை எழுதி முடித்த கையோடு மறந்துவிடுகிறோம். மறக்காமல் என்ன செய்வோம்? எதற்காக இந்தக் கணக்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லையே. எனவே இந்தப் பதிவில் கணக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மாஸ்க்கை யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பாக்கெட்டில் மாஸ்க் இல்லை

ஒரு ஐபி பாக்கெட்டின் தலைப்பகுதியில் அனுப்புபவரின் முகவரி இருக்கும், 32 பிட். பெறுபவரின் முகவரி இருக்கும், அதுவும் 32 பிட். இன்னும் சில விவரங்கள் இருக்கும். மாஸ்க் இருக்காது. எங்குமே இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் மாஸ்க் என்ன என்று பக்கத்து மேசைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அதில் போட்டிருக்கும் மாஸ்க் மட்டும்.

அப்படியானால் மாஸ்க் எதற்கு? ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே விடும் முன் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: "இவர் என் சப்நெட்டில் இருப்பவரா, வெளியில் இருப்பவரா?" உள்ளே என்றால் ஏ.ஆர்.பி. மூலம் "இந்த ஐபி யாருடையது?" என்று கேபிளில் உரக்கக் கூவி, பதில் சொன்னவரின் மேக் முகவரிக்கு நேராக அனுப்பிவிடும். வெளியே என்றால் கேட்வேயின் மேக் முகவரியைப் போட்டு ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடும். மாஸ்க்கின் வேலை இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. அவ்வளவுதான்.

பதிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். உங்கள் முகவரி 192.168.10.77, மாஸ்க் 255.255.255.224, அதாவது ஸ்லாஷ் 27 (முதல் 27 பிட்டும் 1) என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் 255 இருக்கும் இடங்களில் எதுவும் மாறாது, 192.168.10 அப்படியே நிற்கும். கடைசி எண்ணை மட்டும் பைனரியில் எழுதினால் போதும். இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0.

77 = 01001101
224 = 11100000
விடை = 01000000, அதாவது 64

உங்கள் சப்நெட் 192.168.10.64. இப்போது 192.168.10.90-க்கு அனுப்ப வேண்டும். 90 என்பது 01011010. அதே மாஸ்க்கை வைத்தால் 01000000, மறுபடியும் 64. ஒரே வீடு, நேராக அனுப்பலாம். 192.168.10.100-க்கு? 100 என்பது 01100100. மாஸ்க்கை வைத்தால் 01100000, அதாவது 96. வேறு வீடு, கேட்வேயிடம் கொடு.

இதைத் தாளில் போட ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 256-இல் இருந்து மாஸ்க்கின் அந்த எண்ணைக் கழியுங்கள். 256 - 224 = 32. ஆக சப்நெட்டுகள் 0, 32, 64, 96 என்று 32, 32-ஆகப் போகும். 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். முதல் எண் 64 சப்நெட்டின் பெயர், கடைசி எண் 95 பிராட்காஸ்ட், நடுவில் 65 முதல் 94 வரை ஆட்களுக்கு. அந்த "முப்பது சார்" வந்த இடம் இதுதான்.

தப்பான மாஸ்க் செய்யும் வேலை

கேள்வி புரிந்துவிட்டது. இனி, கேள்விக்குத் தப்பான பதில் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். இது இரண்டு விதமாக நடக்கும்.

முதல் வகை, மாஸ்க் தேவைக்கு மேல் அகலம். ஒரு அலுவலகத்தில் முதல் மாடி 10.1.1.0/24, இரண்டாம் மாடி 10.1.2.0/24. நடுவில் ரவுட்டர். முதல் மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்து, 10.1.1.5 என்று கையால் அடித்து, மாஸ்க்கில் 255.0.0.0 என்று விட்டுவிட்டார்கள். இந்த மெஷின் என்ன நினைக்கும்? 10 என்று தொடங்கும் அத்தனை முகவரியும் தன் சப்நெட்தான் என்று நினைக்கும். பக்கத்து மேசை, பிரச்சினை இல்லை, அவர் உண்மையிலேயே உள்ளேதான் இருக்கிறார். இன்டர்நெட், பிரச்சினை இல்லை, அந்த முகவரிகள் 10-இல் தொடங்காததால் கேட்வேக்குப் போய்விடும். இரண்டாம் மாடியில் 10.1.2.9-இல் இருக்கும் பிரிண்டர்? அதுவும் தன் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏ.ஆர்.பி.யில் கூவும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. பதில் வராது. "இன்டர்நெட் வருது, யூடியூப் ஓடுது, மேல் மாடி பிரிண்டர் மட்டும் வரலை" என்று புகார் வரும். பிரிண்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள், டிரைவரை அழித்து மறுபடி போடுவார்கள். பிரிண்டர் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கிறது. விண்டோஸில் அந்த பிரிண்டருக்குப் பிங் அடித்தால் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வரும். அந்த வரியில் பதில் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் சொந்த ஐபியே அங்கே இருந்தால், பாக்கெட் உங்கள் கம்ப்யூட்டரை விட்டே கிளம்பவில்லை, ஏ.ஆர்.பி.க்குப் பதில் கிடைக்காமல் உங்கள் மெஷினே கைவிரித்துவிட்டது. வெளி சப்நெட்டில் இருப்பவருக்குப் பிங் அடிக்கும்போது இப்படி வந்தால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

இரண்டாம் வகை, மாஸ்க் குறுகிப்போவது. எல்லாரும் 10.1.1.0/24-இல் இருக்க, ஒருவருக்கு மட்டும் 255.255.255.128. அவர் 10.1.1.5, கேட்வே 10.1.1.1. பக்கத்தில் இருக்கும் 10.1.1.200 அவர் கணக்கில் வெளியூர். அவருக்குப் போக வேண்டியதைக் கேட்வேயிடம் கொடுக்கிறார். கேட்வே அதை வாங்கி, அதே கேபிளில் திருப்பி 200-க்கு அனுப்புகிறது. ஆனால் 200-இன் மாஸ்க் சரியாக இருப்பதால் அது பதிலை நேராக 5-க்கே அனுப்பிவிடும். போகும்போது சுற்றுவழி, வரும்போது நேர்வழி.

கேட்வே சாதாரண ரவுட்டர் என்றால் இதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதுவே தொடர்புகளின் நிலையைக் கண்காணிக்கும் ஃபயர்வாலாக இருந்தால் வேடிக்கை ஆரம்பிக்கும். பிங் போகும், ஏனென்றால் கேள்விப் பாக்கெட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக ஃபயர்வாலைக் கடக்கின்றன, அதற்கு ஆட்சேபம் இல்லை. ஃபைல் ஷேரிங் திறக்காது. டி.சி.பி. தொடர்பு மூன்று கட்டமாக ஏற்படுவது. முதல் கட்டம் ஃபயர்வால் வழியாகப் போனது, இரண்டாவது அதன் கண்ணில் படாமல் நேராக வந்துவிட்டது, மூன்றாவது மறுபடி அதனிடம் வரும்போது "நடுவில் பதிலே வரவில்லையே, இது என்ன பாக்கெட்?" என்று தூக்கிப் போட்டுவிடும். பிங் போகிறது, ஆனால் ஷேர் திறக்கவில்லை என்றால் பலரும் ஆன்டிவைரஸைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில ரவுட்டர்கள் "பிராக்ஸி ஏ.ஆர்.பி." என்று ஒரு உபகாரம் செய்யும். முதல் வகைக் கதையில் கூவிய கம்ப்யூட்டருக்கு, 10.1.2.9-க்குப் பதிலாக ரவுட்டரே "நான்தான்" என்று பதில் சொல்லி, பாக்கெட்டை வாங்கி உரிய இடத்தில் சேர்த்துவிடும். சிஸ்கோ ரவுட்டர்களில் இது தொடக்கத்திலிருந்தே ஆன் ஆகித்தான் இருக்கும். ஆக மாஸ்க் தப்பாக இருந்தும் எல்லாம் ஓடும், வருஷக்கணக்கில் ஓடும். கோவைப் பக்கம் ஒரு மில்லில் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதிய ஃபயர்வால் மாட்டிய அன்று, தறிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் சில மட்டும் சர்வரைப் பார்க்க மறுத்தன. புதிய பெட்டி மேல்தான் எல்லார் விரலும் நீண்டது. பிரித்துப் பார்த்தால், அந்தச் சில மெஷின்களில் மட்டும் 255.0.0.0. பழைய ரவுட்டர் இத்தனை காலம் மூடி மறைத்ததைப் புதியது மறைக்க மறுத்துவிட்டது, அவ்வளவே.

அந்த 255.0.0.0 எங்கிருந்து வந்தது?

யாரும் அதை வேண்டுமென்று அடிப்பதில்லை. விண்டோஸின் பழைய நெட்வொர்க் பெட்டியைத் திறந்து, ஐபி இடத்தில் 10.1.1.5 என்று அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டுங்கள். மாஸ்க் இடத்தில் 255.0.0.0 தானாக வந்து உட்காரும். 172.16 என்று தொடங்கினால் 255.255.0.0. 192.168 என்றால் 255.255.255.0. கேட்காமலே நிரப்பித் தருகிறதே என்று ஓகே தட்டிவிட்டுப் போய்விடுவோம். விண்டோஸ் இப்படி நிரப்பும் எண்கள் 1981-ஆம் ஆண்டுச் சரக்கு.

அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 791-தான் இன்றைய ஐபிவி4-இன் அடிப்படை ஆவணம். அதில் மாஸ்க் என்ற ஒன்றே இல்லை. முகவரியின் முதல் சில பிட்டுகளைப் பார்த்தே நெட்வொர்க் பகுதி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 0-இல் தொடங்கினால் கிளாஸ் ஏ, நெட்வொர்க்குக்கு 8 பிட். 10-இல் தொடங்கினால் கிளாஸ் பி, 16 பிட். 110-இல் தொடங்கினால் கிளாஸ் சி, 24 பிட். ஒரு கிளாஸ் ஏ-வில் 1,67,77,214 மெஷின்கள், பி-யில் 65,534, சி-யில் 254. இடைப்பட்ட அளவே கிடையாது.

இதில் முதலில் கை சுட்டுக்கொண்டவர்கள் பல்கலைக்கழகங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிடம் 36 என்று தொடங்கும் ஒரு முழு கிளாஸ் ஏ இருந்தது. முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வளாகம் முழுக்க ஒரே ஈதர்நெட்டை இழுக்க முடியாது. கட்டடத்துக்குக் கட்டடம் தனித்தனி ஈதர்நெட்டுகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நெட்வொர்க் எண் வாங்கினால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அந்த வளாகத்தின் ஒவ்வொரு கட்டடத்தையும் தன் அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி மோகுல் 1984 அக்டோபரில் எழுதிய ஆர்.எஃப்.சி. 917 இதற்கு வழி சொன்னது: வெளியுலகுக்கு நாங்கள் ஒரே நெட்வொர்க், உள்ளே எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பது எங்கள் வீட்டு விவகாரம். மெஷின் பகுதியின் முன்பக்க பிட்டுகளில் சிலவற்றை எடுத்துச் சப்நெட் எண்ணாக வைத்துக்கொள்வது, எத்தனை பிட் எடுத்தோம் என்பதைச் சொல்ல ஒரு மாஸ்க். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மோகுலும் ஜான் போஸ்டலும் சேர்ந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 950 அதைத் தரமாக்கியது. அந்த ஆவணத்து உதாரணத்தில் வரும் மெஷினின் முகவரி 36.40.0.123, மாஸ்க் 255.255.0.0. 36 அன்று யாருடையது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

முகவரியைச் சிக்கனப்படுத்துவதற்காகவே சப்நெட் வந்தது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டிடம் ஒன்றரைக் கோடிக்கு மேல் முகவரி இருந்தது. அவர்களுக்கு இருந்தது உள்ளே இருப்பதைப் பிரிக்கவும், அந்தப் பிரிவை வெளியே தெரியாமல் மறைக்கவும் வேண்டிய தேவை.

சிக்கனம் பிறகு வந்தது. 500 மெஷின் உள்ள நிறுவனத்துக்குக் கிளாஸ் சி போதாது. எல்லாரும் பி கேட்டார்கள். 65,534 இடம் வாங்கி 500-ஐ மட்டும் நிரப்பினார்கள். பி-க்கள் மளமளவென்று கரைந்தன. சரி, சி-க்களை மொத்தமாகக் கொடுப்போம் என்றால் ரவுட்டர் அட்டவணைகள் வீங்கின. 1993 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 1519, கிளாஸையே தூக்கிப் போட்டது. முகவரியின் முதல் பிட்டுகளைப் பார்த்து அளவை ஊகிக்காதே, அளவை எப்போதும் கூடவே எழுது. ஸ்லாஷ் போட்டு 24, 21, 19 என்று எழுதும் பழக்கம் இங்கிருந்து நிலைத்தது. அடுத்தடுத்த எட்டு பழைய சி-க்களைச் சேர்த்து /21 என்று ஒரே வரியில் ரவுட்டருக்குச் சொல்லலாம்.

ஆக கிளாஸ் ஒழிந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோச்சிங் நோட்ஸில் இன்னும் முதல் அத்தியாயம் அதுதான். "சப்நெட் எண்ணிக்கையிலும் இரண்டைக் கழிக்க வேண்டும்" என்று சொல்லித் தரும் நோட்ஸும் உண்டு. ஆர்.எஃப்.சி. 950-இல் முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் ஒதுக்கச் சொல்லியிருந்தது உண்மைதான். அந்தப் பழக்கம் காலாவதி என்று 1995-இலேயே எழுதிவிட்டார்கள். ஹோஸ்ட் கணக்கில் மட்டும் இரண்டைக் கழியுங்கள், போதும்.

பரீட்சை விடையும் களத்து விடையும்

இனி பிரிக்கும் வேலைக்கு வருவோம். ஒரு தொழிற்சாலை. விருந்தினர் வைஃபைக்கு 200, கேமராக்கள் 110, உற்பத்தி மெஷின்கள் 60, அலுவலகம் 50, சர்வர்கள் 12, இரண்டு ரவுட்டர்களை இணைக்க 2. கொடுத்திருப்பது 10.40.0.0/22, அதாவது 1,024 முகவரி.

மனை பிரிப்பவர்கள் பெரிய மனையை முதலில் அளந்துவிட்டுத்தான் சின்ன மனைக்கு வருவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் வழிக்கென்று கொஞ்சம் நிலத்தையும் விடுவார்கள். இங்கேயும் அதே முறை. ரவுட்டர் இணைப்பைத் தவிர ஒவ்வொரு சப்நெட்டிலும் பெயருக்கு ஒன்று, பிராட்காஸ்டுக்கு ஒன்று, கேட்வேக்கு ஒன்று என்று மூன்று முகவரி போய்விடும்.

விருந்தினர் 200: 10.40.0.0/24
கேமரா 110: 10.40.1.0/25
உற்பத்தி 60: 10.40.1.128/26
அலுவலகம் 50: 10.40.1.192/26
சர்வர் 12: 10.40.2.0/28
ரவுட்டர் இணைப்பு 2: 10.40.2.16/30

ஏன் பெரியது முதலில்? ஒரு சப்நெட் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். சின்னதிலிருந்து ஆரம்பித்து, ரவுட்டர் இணைப்பை 10.40.0.0/30-இல் வைத்தால், அடுத்து வரும் /28-க்கு 4-இல் தொடங்க முடியாது. 16-க்குத் தாவ வேண்டும். அடுத்த /26, 64-க்குத் தாவும். நடுவில் எல்லாம் ஓட்டை.

பரீட்சையில் இதற்கு முழு மார்க். களத்தில் இப்படி ஒருவர் போட்டுக் கொடுத்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். உற்பத்திக்கு 62 இடம், அதில் கேட்வே ஒன்று, மெஷின் 60. மிச்சம் ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் இரண்டு மெஷின் வந்து இறங்கினால் முடிந்தது கதை. பக்கத்து மனையை அலுவலகத்துக்குக் கொடுத்தாயிற்று, நீட்ட இடமில்லை. எல்லா மெஷினிலும் ஐபியை மாற்ற வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வந்து.

10-இல் தொடங்கும் தனியார் முகவரிகள் மொத்தம் 1.67 கோடி. 1996-இல் ஆர்.எஃப்.சி. 1918 இதையும், 172.16 முதல் 172.31 வரையும், 192.168-ஐயும் யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டது. காசா, பணமா? வேலைக்கு ஒரு /24 கொடுங்கள். அலுவலகம் 10.40.10.0/24, கேமரா 10.40.20.0/24, உற்பத்தி 10.40.30.0/24. பன்னிரண்டு சர்வருக்கு 254 இடமா என்று கேட்காதீர்கள். 10.40.20.55 என்ற எண்ணைப் பார்த்ததும் "40-ஆம் கிளை, கேமரா" என்று கண்ணாலேயே சொல்ல முடிகிறதே, அது ராத்திரி இரண்டு மணிக்கு லாகைப் படிக்கும்போது எவ்வளவு பெரிய உதவி என்று படித்தவருக்குத்தான் தெரியும். கிளைக்கு ஒரு /16 என்று வைத்துக்கொண்டால், தலைமை அலுவலக ரவுட்டரில் கிளைக்கு ஒரே வரி போதும். மோகுல் 1984-இல் கேட்டதும் இதைத்தான்.

முகவரியைக் கஞ்சத்தனமாக நறுக்க வேண்டிய இடம் வேறு. காசு கொடுத்து வாங்கிய பொது முகவரிகள். அங்கே ஒவ்வொன்றும் கணக்கு. 2011 பிப்ரவரி 3 அன்று, உலக அளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் நம் ஆசிய வட்டாரத்துக்கான ஆப்னிக் தன் கடைசி /8-க்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு கை நிறையக் கிடைப்பதில்லை. ரவுட்டருக்கு ரவுட்டர் இணைப்பில் /30-க்குப் பதில் /31 போடலாம் என்ற ஏற்பாடு 2000-லேயே வந்துவிட்டது. இருவர் மட்டும் பேசும் கம்பியில் பிராட்காஸ்ட் எதற்கு? கிளவுடில் பிரிப்பதாக இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள்: அமேசான், அஸூர் இரண்டுமே ஒவ்வொரு சப்நெட்டிலும் இரண்டல்ல, ஐந்து முகவரிகளை எடுத்துக்கொள்ளும். /28 கேட்டால் கைக்கு வருவது 11.

/23 பொறி

சின்ன அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 192.168.1.0/24 நிரம்பிவிட்டது. கேமரா போட்டவர் வந்து, "மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கிடுங்க சார், 192.168.2-ஐயும் சேர்த்துக்கலாம்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்காது.

254 என்பது 11111110. மூன்றாவது எண்ணின் கடைசி பிட்டை மட்டும் விடுகிறது. 0-வும் 1-உம் ஒரு ஜோடி. 2-உம் 3-உம் ஒரு ஜோடி. 1-க்கு ஜோடி 0, 2 அல்ல. மாஸ்க்கை மாற்றியதும் 192.168.1-இல் இருப்பவர்களும் 192.168.2-இல் இருப்பவர்களும் முன்னைப் போலவே தனித்தனி. 2-ஐத்தான் சேர்க்க வேண்டும் என்றால் /22 போட வேண்டும், அப்போது 0 முதல் 3 வரை நாலும் உள்ளே வரும். அல்லது கேமராக்களை 192.168.0-இல் வைக்க வேண்டும்.

மாஸ்க் மாற்றினால் எல்லா மெஷினிலும் மாற்ற வேண்டும் என்பது அடுத்த வேலை. டி.எச்.சி.பி.யில் வாங்குபவர்கள் மறுபடி வாங்கும்போது சரியாகிவிடுவார்கள். பிரிண்டர், பயோமெட்ரிக், கேமரா ரெக்கார்டர், யு.பி.எஸ். இவற்றில் எல்லாம் யாரோ எப்போதோ கையால் போட்டது இருக்கும். விட்டுப்போனவை எல்லாம் மேலே சொன்ன "குறுகிய மாஸ்க்" கதைக்கு வந்து சேரும். என்னைக் கேட்டால், நிரம்பிய சப்நெட்டை அகலப்படுத்தாதீர்கள். கேமராக்களைத் தனி சப்நெட்டுக்குத் தூக்குங்கள். கேமராவுக்கும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச என்ன வேலை?

எண்ணை மாற்றினால் சுவர் எழும்பாது

"தனி சப்நெட்" என்றதும் சிலர் ஒரே ஸ்விட்சில் கேமராக்களுக்கு மட்டும் வேறு எண்வரிசை கொடுத்துவிட்டு, பிரித்தாயிற்று, பாதுகாப்பாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள். சப்நெட் என்பது ஒவ்வொரு மெஷினும் தன்னைத் தானே கேட்கும் கேள்வி என்று சொன்னேன் இல்லையா? அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லும்படி மெஷினை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தன் லேப்டாப்புக்கு இரண்டாவதாக ஒரு ஐபியைக் கேமரா வரிசையில் கொடுத்துக்கொண்டால் முடிந்தது. பிராட்காஸ்ட்டும் எல்லார் போர்ட்டிலும் போய் விழும், ஸ்விட்சுக்கு ஐபி எண் ஒரு பொருட்டே அல்ல.

உண்மையில் பிரிக்க, ஒரே ஸ்விட்சைத் தனித்தனித் துண்டுகளாக்கும் வி.லான் வேண்டும், ஒரு வி.லானுக்கு ஒரு சப்நெட். இரண்டுக்கும் நடுவில் போக வேண்டியது ரவுட்டர் அல்லது ஃபயர்வால் வழியாக மட்டும். அந்த வாசலில் யார் யாரோடு பேசலாம் என்ற விதி. மூன்றும் சேர்ந்தால்தான் பிரிவினை. விதி எழுதும்போதுதான் நல்ல சப்நெட் திட்டத்தின் அருமை புரியும்: "10.40.20.0/24-இலிருந்து 10.40.10.0/24-க்குப் போகாதே" என்று ஒரே வரி. கேமராக்கள் கண்ட இடத்தில் சிதறிக் கிடந்தால் நூறு வரி.

எந்த எண்ணை எடுப்பது?

192.168.0, 192.168.1, 10.0.0 மூன்றையும் அலுவலகத்துக்கு எடுக்காதீர்கள். உங்கள் ஊழியர்களின் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். வீட்டிலிருந்து வி.பி.என். போட்டு அலுவலகத்து 192.168.1.20-ஐத் தேடினால், வீட்டு லேப்டாப் மாஸ்க்கைப் பார்த்து "இது நம் வீட்டில் இருப்பதுதானே" என்று ஹாலில் கூவிக்கொண்டிருக்கும். 172.17-ஐயும் தவிருங்கள், டாக்கர் போட்ட மெஷின்கள் 172.17.0.0/16-ஐத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். 100.64.0.0/10-ஐத் தொடாதீர்கள், அது இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகள் தங்கள் உள்வேலைக்கு வைத்துக்கொள்ள ஒதுக்கியது. 10-க்குள் யாருக்கும் சட்டென்று தோன்றாத ஓர் எண்ணாக எடுங்கள். நாளைக்கு இன்னொரு கம்பெனியை வாங்கி இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும்போது உங்களை வாழ்த்துவார்கள்.

ஐபிவி6 வந்தால் இந்தத் தலைவலி எல்லாம் போய்விடுமா? கணக்கு போய்விடும். வழக்கமான ஒரு லானுக்கு எப்போதும் /64, அளவு பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நிறுவனத்துக்கு /48 கிடைத்தால் 65,536 சப்நெட். ஆனால் எதை எதோடு சேர்ப்பது, எதை எதிலிருந்து பிரிப்பது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். அதற்குக் கால்குலேட்டர் கிடையாது.

கடைசியாக

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள்: 172.20.53.200, மாஸ்க் 255.255.248.0. இந்த மெஷினின் சப்நெட் எது, 172.20.56.1 அதற்கு உள்ளா வெளியா? 256 - 248 = 8. 53-க்குக் கீழே 8-இன் மடங்கு 48. சப்நெட் 172.20.48.0/21, அது 172.20.55.255 வரை போகும். 56.1 வெளியே, கேட்வே வழியாகத்தான் போக முடியும். இது அரை நிமிஷத்தில் வந்துவிட்டால் உங்களுக்குத் தேவையான கணக்கு வந்துவிட்டது. மிச்சத்துக்கு ஆன்லைன் கால்குலேட்டர் இருக்கிறது, வெட்கப்படாமல் தட்டுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் அலுவலகத்துச் சப்நெட் திட்டம் எங்கேயாவது எழுதி இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். எந்த எண்வரிசை யாருக்கு, மாஸ்க் என்ன, கேட்வே எது, டி.எச்.சி.பி. எங்கிருந்து எங்கே வரை, கையால் போட்ட முகவரிகள் எவை, வி.லான் எண் என்ன. ஒரு எக்செல் தாள் போதும். அப்படி எழுதாமல் திட்டம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் முன் உட்கார வைத்து எழுதி வாங்கிவிடுங்கள்.